நம் வகையறாவுக்கு மட்டும் திறக்காத வெப்சைட்

என்றும் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி மைக் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் கொஞ்ச நாளாகச் சுகமில்லை. நீ, அத்தான், உன் மகள் மூவரும் நலம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது, பிறகு முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, பதில் இல்லை, பிறகு முயலவும் என்கிறாள். ரயில் நிலையத்தில் காலமெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்து, “வண்டி தாமதமாக வரும், சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்று சொல்லிச் சொல்லியே, மைக் என்ற பட்டப்பெயரோடு ஓய்வு பெற்றவன் நான். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு தடவைகூட நான் வருந்தியதில்லை. வண்டி தாமதமானால் எனக்கென்ன, நான் உட்கார்ந்த இடத்தில்தானே உட்கார்ந்திருக்கப் போகிறேன். இப்போதுதான் உண்மையிலேயே வருந்துகிறேன். அதைச் சொல்லக் கையில் மைக் இல்லை. ஆகையால் இந்தக் கடிதம்.

விஷயம் அப்பாவின் வெப்சைட். அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறதே, அவர் பெயரில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். ஆம்புலன்ஸ் ஓட்டியே எத்தனையோ பேரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். அவர் படங்களைப் போட்டு, அவரைத் தெரிந்தவர்கள் வந்து நாலு வார்த்தை எழுத ஓர் இடம் வைத்தால், உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவர்களும் ஒரு திண்டாட்டமும் இல்லாமல் பார்க்கலாமே என்று நினைத்தேன். தையல்கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண் இதையெல்லாம் செய்து தருகிறாள் என்றார்கள். போனேன். நல்ல பெண். பொறுமைசாலி. “சார், ஏதாவது கோளாறு வந்தா காட்டுற மெசேஜ் எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கட்டுமா?” என்று கேட்டாள். “ஒரு எழுத்துகூட இங்கிலீஷ் இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் நானே நல்ல தமிழ்ல எழுதித் தரேன்” என்றேன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம். கீழேயே தையல்கடை வேறு இருந்தது.

வெப்சைட் திறந்த அன்று எல்லோரும் வாழ்த்தினார்கள். மறுநாள் ‘உண்மை விரும்பி’ என்ற பெயரில் எவனோ ஒருவன் வந்தான். “அப்பா தன் முதல் வண்டியுடன்” என்று நான் எழுதிய படத்துக்கு அடியில், “இது முதல் வண்டி இல்லை. முதல் வண்டிக்கு ஒரு பக்க விளக்குதான் எரியும்” என்று எழுதினான். சரி, போகட்டும் என்று விட்டேன். “அவர் நிதானமாக வண்டி ஓட்டுபவர்” என்று நான் எழுதிய இடத்தில், “அப்படியெல்லாம் இல்லை. ஒருமுறை படுத்திருந்த நோயாளியே எழுந்து, நான் நடந்தே போய்க்கொள்கிறேன் என்றார்” என்று எழுதினான். எனக்கு ரத்தம் கொதித்தது. அழித்தேன். மறுபடி எழுதினான். அவன் போன் வருகிற இணைய முகவரியைத் தடுக்க ஒரு பொத்தான் உண்டு என்று அந்தப் பெண் காட்டிக்கொடுத்திருந்தாள். தடுத்தேன். போனை அணைத்துப் போட்டால் முகவரி மாறிவிடுமாம்; வேறொரு முகவரியில் வந்தான். அதையும் தடுத்தேன். இன்னொன்றில் வந்தான். அப்போது திரையில், “இந்த நெட்வொர்க் முழுவதையும் தடுக்கவா?” என்று ஒரு கேள்வி வந்தது. அந்த வாக்கியத்தையும் நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன்; எழுதியபோதும் அர்த்தம் தெரியாது, அழுத்தியபோதும் தெரியாது. முழுவதையும் என்றால் அந்த ஆளை முழுசாக, கை கால் உட்பட, என்று எடுத்துக்கொண்டு ‘ஆம்’ என்று அழுத்தினேன். உண்மை விரும்பி ஒழிந்தான். நிம்மதியாகக் காபி குடித்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அன்று மாலையே சித்தப்பா போன் செய்தார்.

“டேய் மைக், உன் வெப்சைட் திறக்க மாட்டேங்குது.”

“என்ன சித்தப்பா காட்டுது?”

“என்னவோ காட்டுது. மரியாதையில்லாம காட்டுது.”

“வாசிச்சுக் காட்டுங்களேன்.”

“அதை வேற என் வாயால வாசிக்கணுமா?” என்று வைத்துவிட்டார்.

கண்ணாடி போடாமல் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்து அத்தை. அடுத்து அத்தையின் பிள்ளைகள். பெரியப்பா வீட்டில் ஒருவருக்கும் திறக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரியின் பிறந்த வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் திறந்தது. அவளுடைய அண்ணன், என் மச்சான், அப்பாவை வாழ்நாளில் இரண்டே தடவை பார்த்தவர், நான்கு பக்கத்துக்குக் கவிதையே எழுதிப் போட்டுவிட்டார். அதில் அப்பா கப்பல் ஓட்டியதாக வேறு வருகிறது. இது போதாதா நம் ஆட்களுக்கு? மைக் தன் அப்பாவுக்கு வெப்சைட் வைத்துவிட்டு, அப்பா வழிச் சொந்தத்தை வெளியே நிறுத்திவிட்டான், மாமியார் வீட்டுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கிளம்பிய பேச்சு எந்தக் கோளாறும் இல்லாமல் எல்லாருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆரம்பித்தேன். முதலில் எல்லோரையும் போனை அணைத்துப் போடச் சொன்னேன். பழக்க தோஷத்தில், “அனைவரின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. பெரியப்பா மகன் அதற்கே கோபித்துக்கொண்டான். அணைத்துப் போட்டும் திறக்கவில்லை. பெயரைச் சரியாக அடிக்கிறார்களா என்று பார்க்கலாம் என்று சித்தப்பாவைக் கேட்டால், புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ‘டாட்’ என்று எழுத்துக் கூட்டி அடித்து வைத்திருக்கிறார். “நீதானேடா டாட்னு சொன்னே?” என்றார். அதைத் திருத்தினோம். அப்புறமும் திறக்கவில்லை. முதலில் வந்த மரியாதையில்லாத செய்தியே திரும்பவும் வந்துவிட்டது என்றார். அத்தை போனில் வேறு மாதிரி, “பாதுகாப்பானதல்ல” என்று வந்தது. விசாரித்ததில் அத்தை தன் போனில் தேதியைப் போன வருடத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். ஏன் அத்தை என்றால், “அப்போ அண்ணன் இருந்தாருடா” என்றாள். நான் ஒன்றும் கேட்காமலே அவளே தேதியை மாற்றிக்கொண்டாள். மாற்றிய பிறகு அவளுக்கும் சித்தப்பாவுக்கு வந்த செய்தியே வந்தது.

இந்த இடத்தில்தான் அக்கா நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். போன் பழைய பக்கத்தையே ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும், அதை அழித்தால் புதிதாகத் திறக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். “அத்தை, பழசை எல்லாம் அழிச்சிடுங்க” என்றேன். “எல்லாத்தையுமா?” என்றாள். “எல்லாத்தையும். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடுங்க” என்றேன். அவளும் அழித்தாள். அவள் அழித்தது வெப்சைட்டின் ஞாபகத்தை அல்ல, போனில் இருந்த படங்களை. அப்பா வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் டிபன் டப்பாவோடு வாய்கொள்ளாச் சிரிப்பாய் உட்கார்ந்திருப்பாரே, அந்தப் படம் அத்தையிடம் மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, அதை ஏற்கெனவே எனக்கு அனுப்பி, நான் வெப்சைட்டில் போட்டிருந்தேன். கெட்டவேளை, அந்த வெப்சைட்தான் அவளுக்குத் திறக்காதே. “நீ சொன்னேன்னுதான்டா செஞ்சேன்” என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இனி போனில் பேசிப் பயனில்லை என்று சித்தப்பா வீட்டுக்கே நேரில் போனேன். உட்காரச் சொல்லவில்லை. தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அப்போதுதான் அந்தச் செய்தியை நான் என் கண்ணால் படித்தேன்: “உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை. சிரமத்திற்கு வருந்துகிறோம்.” நானே யோசித்து யோசித்து எழுதிய நல்ல தமிழ். இங்கிலீஷில் ஏதோ ஒரு எண் மட்டும் வந்திருந்தால் மனிதர் அது என்னவோ மிஷின் சமாச்சாரம் என்று விட்டிருப்பார்.

“இது எல்லாருக்கும் பொதுவா வர்றது சித்தப்பா” என்றேன்.

“எல்லாருக்குமா? உன் போனை எடு.”

எடுத்தேன். திறந்தது. அப்பா சிரித்தார்.

“உன் போன்ல திறக்குது, என் போன்ல திறக்கலை. ஒரே ரூம்லதான் இருக்கோம். அப்போ ஆள் பார்த்துத்தானேடா திறக்குது?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அவரை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு வைஃபையில் சேர்த்ததும் அதே போன், அதே விரல், சட்டென்று திறந்துகொண்டது. எனக்குச் சந்தோஷம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஓகோ, வீடு தேடி வந்து கெஞ்சினாத்தான் திறக்குமோ?” என்று எழுந்து நின்றார். என் வீட்டுக்காரி நல்லெண்ணத்தில், “திறக்காதவங்க எல்லாரும் இங்கேயே வந்து பார்த்துட்டுப் போகட்டுமே மாமா, நான் டீ போடறேன்” என்றாள். சித்தப்பா செருப்பை மாட்டுவதற்குக்கூட நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை தையல்கடைக்கு மேலே ஏறினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி. “திறக்காதவங்க எல்லாரும் எந்த கம்பெனி சிம் சார்?” அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தப்பாதானே நம் வகையறா முழுவதையும் பிடித்து இழுத்துப்போய் ஒரே கம்பெனியின் குடும்பத் திட்டத்தில் சேர்த்தார்? நம் ஆட்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேசித் தீர்க்க முடியாத சண்டையே இருக்காது என்று சொல்லித்தானே சேர்த்தார்? நான் மட்டும் மச்சான் பேச்சைக் கேட்டு அவர்கள் கம்பெனியில் சேர்ந்தேன். வெப்சைட் மாமியார் வீட்டுக்கு வழி விட்ட ரகசியம் இதுதான். ஒரு கம்பெனிக்காரன் தன்னுடைய ஆயிரக்கணக்கான ஆட்களைச் சில முகவரிகள் வழியாகத்தான் வெளியே அனுப்புவானாம். அந்த முகவரிகளை மொத்தமாக அடைத்தால் அவனுடைய ஆள் ஒருவரும் உள்ளே வர முடியாதாம். அந்தப் பெண் உள்ளே எதையோ திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இந்த கம்பெனியை முழுசா பிளாக் பண்ணி வச்சிருக்கு சார். யார் பண்ணினது?”

“ஏதோ கோளாறா இருக்கும்மா.”

“உங்க பேர் போட்டிருக்கு சார்.”

கீழே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் ஆளை வெளியே தள்ளப் போய் நம் சனம் முழுவதையும் தள்ளியிருக்கிறேன். “எடுத்துடும்மா” என்றேன். எடுத்தாள். அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் அத்தையின் படங்கள் போயின, சித்தப்பா செருப்பைக் கையில் எடுத்தார்.

படி இறங்குவதற்குள் சித்தப்பா போன் வந்தது. “திறந்துடுச்சுடா” என்றார், ஒன்றும் நடக்காதது போல. அவர் லைனில் இருக்கும்போதே என் போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. வெப்சைட்டில் யாரோ புதிதாக எழுதியிருக்கிறார்கள். “இதில் எழுதியிருக்கும் சட்டையின் நிறம் தவறு. அவர் அன்று போட்டிருந்தது நீலம். – உண்மை விரும்பி.” திறந்துவிட்டது என்று அதற்குள் தெரிந்தது இவர் ஒருவருக்குத்தானே.

“சித்தப்பா, உண்மை விரும்பி நீங்களா?”

“என் பேரைப் போட்டு எழுதினா நீ வருத்தப்படுவேன்னுதான்டா வேற பேர்ல எழுதினேன்” என்றார். “அண்ணனைப் பத்தித் தப்பா ஒண்ணும் நின்னுடக் கூடாதில்லையா. நமக்கப்புறம் யார் வந்து திருத்தப் போறா?”

அந்த மனுஷனைத்தான் நான் எவனோ விஷமக்காரன் என்று கை கால் உட்படத் தடுத்தேன். அப்பாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர் அவர். நோயாளி எழுந்து நடந்து போன கதையை நான் அழிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு எத்தனை பேர் படித்துச் சிரித்திருப்பார்கள். திரும்ப எழுதித் தாருங்கள் சித்தப்பா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். அத்தைக்கு அந்தப் படம் திறந்தது. நான் நேரில் போய், மீண்டும் போனிலேயே சேமித்துக் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, “டப்பாவில என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் வரமாட்டேங்குதுடா” என்றாள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வெப்சைட் திறந்த அன்றே எல்லோரும் ஏதாவது எழுதியும் மூத்த மகள் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்காதவர்கள் இல்லை. அவளுக்கும் திறந்திருக்காது, பாவம் என்று நான்தான் எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன். உன்னைக் கேட்டபோதும், “திறக்கலைடா, விடு” என்றாய். அதற்கப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாய். நியாயம்தான் அக்கா. பெற்ற அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டு, “உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை” என்று உன் முகத்துக்கு நேராகக் காட்டினால் எந்த மகளுக்குத்தான் பொறுக்கும்? ஆனால் என்னை நம்பு, அது உனக்காக எழுதியது இல்லை, தெரியாமல் நடந்தது. இப்போது தடை எடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு தடவை போனை அணைத்துப் போட்டுத் திறந்து பார். திறக்கும். நாலு வரி எழுது. நீ எழுதாமல் அது அப்பாவின் வெப்சைட் மாதிரியே இல்லை, ஏதோ என்னுடைய வெப்சைட் மாதிரி இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள், எழுதும் பரீட்சையெல்லாம் தேறி நல்ல வேலையில் அமரட்டும். உன் முதுகு வலிக்கு அந்தப் பச்சை நிறத் தைலத்தை விடாமல் தேய். எங்கள் இருவரின் அன்பும் எப்போதும் உன்னோடு.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
மைக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் மகளிடமிருந்து போன் வந்தது. நான் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், வெப்சைட் சரியாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். “மாமா, எங்க வீட்ல அந்த கம்பெனி சிம் யாருமே வாங்கலையே. அப்பா அந்தத் திட்டத்துல சேரவே மாட்டேன்னுட்டாரே” என்றாள். அப்போ அம்மாவுக்கு ஏன் திறக்கவில்லை என்றேன். “யார் சொன்னா? முதல் நாளே திறந்துச்சு. முதல் பக்கத்தை அம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் போனைக் கவுத்து வச்சிட்டு சமைக்கப் போயிட்டாங்க.”

போனை வைத்துவிட்டு முதல் பக்கத்தை நானும் படித்தேன். “கடைசி மாதங்களில் இரவும் பகலும் கூட இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவன் அவருடைய மகன்” என்று எழுதியிருக்கிறேன். இரவும் பகலும் கூட இருந்தது நீ. புரட்டிப் படுக்க வைத்ததும், துடைத்துவிட்டதும், ஊட்டியதும், அதனாலேயே உன் முதுகு போனதும் எனக்குத் தெரியாததா? நான் பழத்தோடு வந்து, நீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியவன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை அக்கா. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எல்லோரும் கேட்டபோது அந்த ஒரு வரியை நீ சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய்.

ஆக, மேலே இத்தனை பக்கம் நான் மன்னிப்புக் கேட்டிருப்பது நான் உனக்குச் செய்யாத தப்புக்கு. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இதுவும் இருக்கட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் எழுத எனக்கு உரிமையில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒன்றும் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விடு, உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். டீயை நான் போடுகிறேன்.